கேட்காமல் விட்ட சரணம்

அடியே,

போன ஞாயிற்றுக்கிழமை நெரவியில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் தெருப் பெண்தான். பந்திக்கு இன்னும் நேரம் இருந்ததால் மண்டபத்தின் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்த ஒரு பெரியம்மா, கைப்பையிலிருந்து கிராம்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னை அறியாமல் அந்தப் பக்கம் திரும்பி, "எத்தனடி போடுற?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா திகைத்துப்போய், "ஒண்ணுதாம்மா போட்டேன். உங்களுக்கு வேணுமா?" என்று பையை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

மேடையில் மெல்லிசைக் குழு. இருபது வயதுகூட ஆகியிராத ஒரு பெண் நம்முடைய கடிதப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். அச்சு அசல். ஒரிஜினலில் புல்லாங்குழல் முடிகிற இடத்தில் அந்தப் பாடகியம்மா லேசாகச் சிரித்துக்கொண்டே எடுப்பார்களே, அந்தச் சிரிப்பைக்கூட அவள் விடவில்லை. பல்லவி முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். சரணம் தொடங்கியபோது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போய், பாட்டு முடியும்வரை குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நீ போன பிறகு நடந்தது மட்டும்தான் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் எந்தப் பாட்டுக்கும் படத்தின் பெயர் சொன்னதில்லை, முதல் வரி சொன்னதில்லை. எல்லாம் நாமாக வைத்த பெயர்கள். மழைப் பாட்டு, ரயில் பாட்டு, தாலாட்டு, கடிதப் பாட்டு. மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அலுவலகத்தின் பின்பக்க ஜன்னலோரம் உட்காருவோம். ஒரே இயர்போன். உனக்கு வலது காது, எனக்கு இடது காது. தொண்டைக்கு நல்லது என்று நீ ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டிருப்பாய். முதலில் ஒரிஜினல், அடுத்தது அதையே வேறு யாராவது பாடியது. முடிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் விரல்களை விரித்துக் காட்ட வேண்டும், பத்துக்கு எத்தனை என்று. ஒருத்தி காட்டியதைப் பார்த்து இன்னொருத்தி காட்டினால் செல்லாது. அது நீ போட்ட சட்டம்.

ஆரம்பத்தில் நீதான் ஒரிஜினல் கட்சி. விழிதியூரில் வயலும் வரப்புமாக வளர்ந்தவள் நான். பாட்டு ரேடியோவில் வரும், கேட்போம், அவ்வளவுதான். நீயோ மெல்லிசைக் குழுவில் இருபது வருடம் பாடியவள். மாதா கோயில் திருவிழா, அம்மன் கோயில் தீமிதி, கல்யாணம், காதுகுத்து என்று நீ ஏறாத மேடை இந்த ஊரில் இல்லை. நோட்டீசில் உன் பெயருக்கு முன்னால் அந்தப் பெரிய பாடகியின் பெயரைப் போட்டு 'காரைக்காலின்' என்று அச்சடிப்பார்கள். அந்த நோட்டீஸ்களை நீ மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாய்.

"காப்பி அடிக்கிறது லேசுன்னு நெனைக்காத. அந்தம்மா எங்க மூச்சு விட்டாங்களோ அங்கதான் நானும் விடணும். ஒரு எழுத்து முன்னாடி விட்டாக்கூட காட்டிக் குடுத்துடும்" என்பாய்.

அதனால்தான் கவர் பாடுகிறேன் என்று பாட்டை மாற்றுகிறவர்களைக் கண்டால் உனக்கு ஆகாது. கிடாரை மடியில் வைத்துக்கொண்டு மழைப் பாட்டைத் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோலப் பாடினானே ஒரு பையன், அவனுக்கு நீ ஒரு விரலைக் காட்டினாய். "இதுகூட மூஞ்சி லட்சணமா இருக்கேன்னுதான்" என்றாய். நடுவில் இங்கிலீஷில் ஏதோ படபடவென்று பேசி, தாலாட்டுக்கு டிரம்ஸ் அடித்த அந்தக் கூட்டத்துக்கு இருவரும் ஒன்றாகக் கையை மூடிக் காட்டினோம். சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து சூப்பரிண்டெண்டு எட்டிப் பார்த்தார்.

பிறகு உனக்குத் தொண்டையில் தைராய்டு கட்டி வந்தது. குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது, எடுத்தால் குரல் மாறலாம் என்று டாக்டர் முன்பே சொன்னார். எடுக்காமல் விடவும் முடியாத நிலை. எடுத்த பிறகு ஆறு மாதம் உனக்குக் காற்று மட்டும்தான் வந்தது. எனக்கு எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாய். அதற்கப்புறம் திரும்பி வந்த குரல் உன்னுடையதாக இல்லை. தணிந்து, மணல் கலந்தாற்போல. போனில் "ஹலோ" சொன்னால் "சார், மேடம் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். நீ சிரித்துக்கொண்டே "இல்லீங்க, வெளிய போயிருக்காங்க" என்று வைத்துவிடுவாய். நானும் சேர்ந்து சிரித்தேன். மேடை போனதைப் பற்றி நீ பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்ல சிநேகிதிக்கு அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் மதிய ஆட்டம் நிற்கவில்லை. நிற்காதது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் உன் விரல்கள் மாறிவிட்டன. அந்தக் கிடார் பையனை ஒரு நாள் மறுபடியும் போடச் சொல்லி, இந்த முறை ஏழு விரல் காட்டினாய். நான் கேலி செய்தேன். நீ கோபப்படவில்லை.

"ஒரிஜினல்ல நூறு வயலின் அழுவுது. இவன்கிட்ட ஒண்ணும் இல்ல. அதான் மழையில ஒருத்தன் மட்டும் நிக்கிறான்னு தெரியுது" என்றாய்.

ரயில் பாட்டை வீணையோடு மெதுவாகப் பாடியிருந்த அந்தக் கேரளத்துப் பெண்ணை நீதான் தேடிப் பிடித்தாய். ஒரிஜினல் ஆட்டம்போட வைக்கிற பாட்டு. ஊர் முழுக்க அதற்கு ஆடியிருக்கிறது. என் தங்கை கல்யாணத்தில் நானே ஆடியிருக்கிறேன். அவள் பாடிக் கேட்டபோதுதான், அதில் ஒருத்தி ஊரைவிட்டுப் போகிறாள், திரும்பி வரப்போவதில்லை என்பது எனக்கு விளங்கியது. முப்பது வருடம் அந்தச் சொற்கள் என் காதுக்குள் போயும் நான் கேட்கவில்லை. அன்றைக்கு எட்டு விரல் காட்டினேன். நீ பத்து.

மாங்கனித் திருவிழாவில் சாமி வருவதற்குக் காத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாயனக்காரர் கீர்த்தனைகளை முடித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, திடீரென்று மழைப் பாட்டை எடுத்தார். வார்த்தையே இல்லாமல் அந்த மெட்டு மட்டும் கூட்டத்தின் தலைக்குமேலே போயிற்று. நீ கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாய். அன்று இருவரும் ஒன்பது.

உன் அண்ணன் மகன் பாரிசிலிருந்து தாலாட்டைப் பாடி அனுப்பியதில்தான் நமக்குள் முதல் உரசல் வந்தது. உன்னை அவன் 'தாந்த்' என்று கூப்பிடுவான். அத்தைக்குப் பிரெஞ்சில் அப்படி. அங்கேயே பிறந்து வளர்ந்த பையன். 'ழ' வரவில்லை, 'ற' வரவில்லை, ஒரு வரியே இடம் மாறியிருந்தது. நான் நாலு விரல் காட்டினேன். நீ ஒன்பது.

"வாயில தமிழே நுழையல, இதுக்கு ஒம்போதா?" என்றேன்.

"அவன் ஒரிஜினலைக் கேட்டதே இல்லடி. எங்க அண்ணி அடுப்படியில பாடுறதைக் கேட்டுக் கத்துகிட்டான். அண்ணிக்கு அந்த வரி எப்பவும் மாறித்தான் வரும். அவனுக்கு அதுதான் ஒரிஜினல்."

"ஒன் குரல் இருந்தப்ப நீ இப்படிச் சொல்லியிருப்பியா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. நீ இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டாய். "இருவது வருஷம் பாடினேன். ஒருத்தர்கூட நான் நல்லா பாடுனேன்னு சொல்லல. அந்தம்மா மாதிரியே இருக்குன்னுதான் சொன்னாங்க" என்றாய். சொல்லிவிட்டு உன் மேசைக்குப் போய்விட்டாய். மறுநாள் வழக்கம்போலச் சாப்பிட்டோம். நான் அதை அத்தோடு மறந்தேன்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம். வீட்டில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். போனில் உன்னிடமிருந்து ஒரு குரல் பதிவு. கீழே, "யாரோ பாடுனது. எத்தன?" கை முழுக்கக் காரம், முழங்கையால் அழுத்திப் போட்டேன். கடிதப் பாட்டு. பக்கவாத்தியம் இல்லை. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு குரல், ரொம்பத் தாழ்ந்த சுருதியில். கடிதம் என்ற சொல்லை ஒரே மூச்சில் பாடாமல் நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி எடுத்தது. பல்லவி முடிந்ததும் நிறுத்திவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு, "மூணு. இந்தப் பாட்டைக் கெடுக்க இவங்களுக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?" என்று எழுதினேன்.

நீ சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாய். சிறிது நேரத்தில் அந்தப் பதிவு இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்ற வரிதான் இருந்தது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறுதலாக அழித்திருப்பாய் என்று நினைத்தேன்.

திங்களும் செவ்வாயும் நீ லீவு. புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் உன் மகள் ஜெனி என்னைப் பார்த்து ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, அம்மா பாடுனதக் கேட்டீங்களா? எப்படி இருந்துச்சு?"

"எது?"

"கடிதப் பாட்டு. அஞ்சு நாளா ரூமைச் சாத்திக்கிட்டுப் பாடிச்சு. எங்களையெல்லாம் உள்ள விடல. உங்களுக்குத்தான் மொதல்ல அனுப்பணும்னு இருந்துச்சு."

நெரவி பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் ஏறவில்லை. ஆட்டோ பிடித்துத் தருமபுரத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிட்டது.

"ஜெனி சொல்லிட்டாளா?"

"எனக்குத் தெரியலடி. சத்தியமா ஒன் குரல்னு தெரியல."

"தெரியக்கூடாதுன்னுதான அப்படி அனுப்புனேன். சொல்லி அனுப்பியிருந்தா பத்து போட்டிருப்ப. அந்தப் பத்து எனக்கெதுக்கு?" ஒரு புடவையின் மறுமுனையை என் கையில் கொடுத்தாய். இருவரும் இழுத்துப் பிடித்து மடித்தோம். "மூணும் நியாயம்தான். மூச்சு எனக்கு நிக்க மாட்டேங்குது. சரி, சரணம் எப்படி இருந்துச்சு? அதச் சொல்லு. அதுலதான் நான் கொஞ்சம் மாத்திப் பாடியிருந்தேன்."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "சரணம் நான் கேக்கல. பல்லவியோட நிறுத்திட்டேன்" என்றேன்.

நீ மடிப்பதை நிறுத்தினாய். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீ அழுது நான் அன்றுதான் பார்த்தேன். சத்தம் இல்லை. "மூணு போட்டது வலிக்கலடி" என்றாய். "முழுசா கேக்காமப் போட்டியே."

இன்னொரு தடவை அனுப்பு என்று எத்தனையோ முறை கேட்டேன். உன் போனிலேயே அதை அழித்துவிட்டதாகச் சொன்னாய். "இனிமே போன்ல கிடையாது. நேர்ல பாடுறேன். நீ பாதியில எந்திரிச்சுப் போக முடியாது பாரு" என்றாய். அதன் பிறகு நீ முன்பு பாடிய மாதா கோயில் பாடகர் குழுவுக்குத் திரும்பப் போனாய். "ஆம்பளைங்க வரிசையில நிக்க வெச்சிருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னாய். திருவிழாப் பூசைக்கு நான் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பின்வரிசையில் நாலு ஆண்களுக்கு நடுவில், உயரம் எட்டாமல், ஒரு பலகைமேல் நின்றுகொண்டு நீ பாடினாய். உன் குரலைத் தனியே பிரித்தெடுக்க எவ்வளவோ முயன்றேன். கீழே தரைபோல ஒரு சத்தம் ஓடியது. அதில் எங்கேயோ நீ இருந்தாய்.

அதற்கடுத்த மாதம் ஒரு சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அரசலாறு கடலில் கலக்கிற பக்கம், கற்களின்மேல் உட்கார்ந்தோம். காற்று பலமாக இருந்தது. "இப்பப் பாடுறேன், கேக்குறியா?" என்றாய். கடலைப் பார்த்துக்கொண்டு கடிதப் பாட்டின் பல்லவியைப் பாடினாய்.

அன்றைக்கு நான் கேட்டதைச் சொல்கிறேன். அந்தம்மா பாடும்போது கடிதம் நாளைக்கே வந்துவிடும். அந்தச் சிரிப்பில் அந்த நம்பிக்கை இருக்கிறது. நீ பாடியபோது அது வராது. பாடுகிறவளுக்கே தெரியும், வராது என்று. தெரிந்தும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கு வருகிறாள். அந்தச் சொல்லின் நடுவே நீ மூச்சு வாங்கிய இடத்தில், வாசல்வரை வந்து நிற்கிற ஒருத்தியை நான் பார்த்தேன். மிளகாய்க் கையோடு அன்று நான் தவறு என்று நினைத்தது இதைத்தான்.

பல்லவியை முடித்துச் சரணத்துக்கு மூச்சை இழுத்தாய். அப்போது ஒரு குடும்பம் வந்து, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று போனை நீட்டியது. நீ எழுந்து அவர்களை நிற்க வைத்து, குழந்தையின் தொப்பியைச் சரிசெய்து, ஏழெட்டுப் படம் எடுத்துக் கொடுத்தாய். திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது.

"சரணம்?" என்றேன்.

"இன்னொரு நாளைக்கு. ஒரு எடத்துல இன்னும் எனக்குச் சரியா வரல."

வற்புறுத்தவில்லை நான். உன் ஸ்கூட்டரில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாய்.

அந்தச் சாயங்காலத்திலிருந்து ஐந்து வாரம். ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடக்கத்தன்று பாடகர் குழு பாடியது. அந்தப் பலகை அங்கேயே கிடந்தது. யாரும் அதன்மேல் ஏறவில்லை, யாரும் அதை நகர்த்தவும் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் வீட்டுக்கு வந்தபோது ஜெனி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அம்மா உங்களுக்கு அனுப்புச்சே, அந்தப் பாட்டு இருக்கா? அம்மா போன் முழுக்கத் தேடிட்டேன். மேடையில பாடுன வீடியோல்லாம் இருக்கு. அதெல்லாம் அந்தம்மா மாதிரி இருக்கு. எனக்கு அம்மா குரல்ல வேணும்."

உன் மகளிடம் அந்த வரியைக் காட்டினேன். செய்தி நீக்கப்பட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று மார்க் உட்பட. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லவி மட்டும் எனக்குத் தெரியும்மா. கடற்கரையில பாடிச்சு" என்றேன்.

"பாடிக் காட்டுங்க."

நான் என்றைக்குப் பாடியிருக்கிறேன்? உனக்கே தெரியும், தாலாட்டுக்குக்கூடச் சுருதி சேராத தொண்டை இது. ஆனாலும் உன் சமையலறையில் நின்றுகொண்டு, நீ எடுத்த அதே தாழ்ந்த இடத்திலிருந்து, நீ மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கிப் பாடினேன். நான் நிறுத்தியதும் ஜெனி தொடர்ந்தாள். சரணத்தை.

அஞ்சு நாள் சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். நீ விடவில்லையே என்ற கோபத்தோடு, கதவில் காதை வைத்துக்கொண்டு. அந்தம்மா மேலே போகிற இடத்தில் அவள் கீழே இறங்கினாள். "அம்மா இங்கதான் ஆன்ட்டி மாத்துச்சு. மேல எட்டலங்கிறதுக்காக இல்ல. மொத ரெண்டு நாளு மேல போய்ப் பாத்துச்சு, அப்புறம் வேணும்னே எறங்கிடுச்சு" என்றாள். நீ அன்று வாசலில் துணி மடித்துக்கொண்டு கேட்டாயே, சரணம் எப்படி என்று. அதற்குப் பதில் என்னிடம் அப்போதுதான் வந்தது. பதிலைக் கேட்க நீ இல்லை.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தருமபுரத்துக்கு வருகிறேன். ஜெனியும் நானும் அந்தப் பாட்டைப் பாடுகிறோம், நான் பல்லவி, அவள் சரணம், கடைசி வரியை மட்டும் இருவருமாக. உன் வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். சரணத்தின் கடைசி வரியில் ஒரு சொல் ஜெனிக்குச் சரியாகக் கேட்கவில்லை. கதவு கனமான கதவு. அந்த இடத்தில் நீ என்ன செய்தாய் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒரிஜினலில் இருப்பதை எடுத்து அங்கே வைத்துவிடலாம், சுலபம்தான். ஜெனி அதற்கு ஒப்பவில்லை, எனக்கும் மனசில்லை. அந்தச் சொல் வரும்போது இருவரும் வாயை மூடிக்கொண்டு, அது பாடப்பட்டிருக்கக்கூடிய நேரம் மட்டும் காத்திருந்துவிட்டு, அடுத்த சொல்லை எடுக்கிறோம்.